கட்டை விரல் கேட்காத பந்து

பௌலிங் என்றதும் கிரிக்கெட்டை நினைத்துக்கொண்டு ஸ்டம்பைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இது வேறு. எண்ணெய் பூசிய நீளமான தடம். அதற்கு லேன் என்று பெயர். அதன் கோடியில் முக்கோணமாக நிற்கும் பத்துப் பின்கள். இந்தப் பக்கம் கனத்த பந்தோடு ஒரு மனிதர். உருட்டிவிட்டுப் பத்தையும் ஒரே அடியில் சாய்த்தால் ஸ்ட்ரைக். மிச்சம் நின்றால் இன்னொரு வாய்ப்பு. அதில் சாய்த்தால் ஸ்பேர். அதிலும் கோட்டைவிட்டால் வாயை மூடிக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான். இதற்காகவா சம்பந்திகள் முறைத்துக்கொள்வார்கள் என்று கேட்டால், ஆமாம், இதற்காகத்தான்.

நம்முடைய பெண்மணிக்கு ஐம்பத்தொன்பது வயது. பௌலிங் சங்கத்தில் அவளுக்குப் பெயர் நேர்கோடு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது; அது வங்கிக் கணக்கோடு சரி. இளமையில் நகரப் பெண்கள் சாம்பியன் பட்டத்தை வேறு யார் கையிலும் போக விடாமல் வைத்திருந்தவள். மற்றவர்கள் மணிக்கட்டைத் திருகிப் பந்தை வளைத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி நேராக விடுவாள். மூலையில் ஒற்றைப் பின் நிற்கிறதா, பார்க்க வந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அது விழுந்த கணக்குத்தான்.

அவளுடைய தொழில் தையல். பள்ளிச் சீருடை தைக்கும் கடை. முன்னறையில் மூன்று மெஷின்கள், பின்னறையில் துணி வெட்டும் பெரிய மேசை. முப்பது வருஷம் அந்த மேசையில் கனமான கத்தரியால் அடுக்கடுக்காகத் துணி வெட்டியதில் வலது கட்டை விரலின் அடி மூட்டு தேய்ந்துவிட்டது. காலையில் ஜாடி மூடியைத் திறக்கக்கூட கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவரும் திறந்து கொடுத்துவிட்டு, சாதனை செய்த முகத்தோடு நிற்பார்.

இனி சம்பந்தி. அவளுடைய மகளைக் கட்டிக்கொண்ட பையனின் அப்பா. டயர்க் கடை வைத்திருப்பவர். சங்கத்தில் அவருக்குப் பெயர் கொக்கி. அவர் விட்ட பந்து வலது ஓரமாகப் போய்க் கடைசி நேரத்தில் கொக்கி மாதிரி உள்ளே வளைந்து பின்களின் விலாவில் குத்தும். அவரும் அந்தக் காலத்து ஆண்கள் சாம்பியன். ஆண்களுக்குத் தனிப் போட்டி, பெண்களுக்குத் தனிப் போட்டி என்றிருந்ததால் இருவரும் ஒரே லேனில் மோதியதே இல்லை. பிள்ளைகள் மணம் முடித்துக்கொண்டு இவர்களைச் சம்பந்திகளாக்கிவிட, மோதல் வாய்ச்சொல்லோடு நின்றது. அதுவும் சாப்பாட்டு மேசையில், மரியாதை குறையாமல், இனிக்க இனிக்க.

அப்படித்தான் அன்று மகள் வீட்டில் பேச்சு வந்தது. சங்கம் ஒரு போட்டி அறிவித்திருந்தது. அன்றைய சாம்பியன்கள் இன்றைய பந்துகளோடு விளையாடினால் எப்படியிருக்கும் என்று சங்கத்தில் ஓயாமல் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரைக்காகப் போட்டுத் தள்ளியிருப்பார்கள் என்று ஒரு கட்சி. மண்ணைக் கவ்வியிருப்பார்கள் என்று இன்னொரு கட்சி. பேசிப் பேசி வாய் வலித்த செயலாளர், சரி, ஆடியே பார்த்துவிடலாம் என்றார். ஜெயிப்பவருக்கு மூத்தோர் அணியில் காலியாக இருந்த ஒரே இடம். அந்த அணிதான் அடுத்த மாதம் வெளியூர்ப் போட்டிக்குப் போகப்போகிறது.

கொக்கி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "இப்ப வர்ற பந்து இருக்கே, அது அப்ப மட்டும் என் கையில இருந்திருந்தா, எவனும் பக்கத்துல வந்திருக்க மாட்டான். நான் உயிரைக் கொடுத்து வளைச்சேன். இது தானாவே வளையுது."

"அப்பா, சாப்பிடுங்க" என்றான் மாப்பிள்ளை.

"உண்மையைத்தானே சொல்றேன். சம்பந்தியம்மா பாடுதான் கஷ்டம். அவங்களுது நேர்ப்பந்து. இன்னிக்குப் பந்தே வளையறதுக்குன்னு செய்யறாங்க. என்ன சம்பந்தியம்மா, நீங்க முன் வரிசையில உட்கார்ந்து கை தட்டுங்க. எனக்கு அதுவே பலம்."

எல்லாரும் சிரித்தார்கள். நேர்கோடும் சிரித்தாள். மாப்பிள்ளையின் அப்பா ஆயிற்றே, சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. கை தட்டுவதாம். மறுநாள் காலை கடையைத் திறப்பதற்கு முன்பே சங்கத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

கணவருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்தது. "ஏம்மா, பொண்ணு கொடுத்த இடத்துல போய் மல்லுக்கு நிக்கறதா? தோத்தா உனக்கு அவமானம். ஜெயிச்சா அவளுக்குத் தலைவலி. ரெண்டுல எது நடந்தாலும் திட்டு வாங்கப்போறது நான்."

"நீங்க எப்பவும் வாங்கறதுதானே" என்றாள்.

மகளிடம் கேட்டால் அவள் ஒரே போடாகப் போட்டாள். "எனக்கு ரெண்டு பக்கமும் வேணும்மா. மாமா ஜெயிச்சாலும் சந்தோஷம்தான். ஆனா எனக்காகன்னு நீ விட்டுக்கொடுத்தே, அப்புறம் நான் உன்கூடப் பேசவே மாட்டேன்."

பெயர் கொடுப்பது எளிது. பந்தைத் தூக்குவதுதான் பாடு. சங்கத்தின் கடையில் பந்துக்குத் துளை போடுகிறவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை டிரில் என்றே கூப்பிடுவார்கள். விரல் அளவு பார்த்து, மோதிர விரலுக்கும் நடு விரலுக்கும் கட்டை விரலுக்கும் மூன்று துளை போட்டுத் தருவார். அவர் கொடுத்த புதுப் பந்தில் நேர்கோடு கட்டை விரலை நுழைத்தாள். நான்கு அடி எடுத்து வைத்து வீசினாள். மூட்டில் கம்பி பாய்ந்த மாதிரி வலித்தது. பந்து கையை விட்டு முன்னாலேயே நழுவி, தொம்மென்று விழுந்து, லேனின் ஓரத்துப் பள்ளத்தில் உருண்டு போய் மறைந்தது. அடுத்ததும் அப்படியே. ஐந்தாவது பந்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

டிரில் துணியால் பந்தைத் துடைத்துக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. கட்டை விரல் இல்லாமலே போடலாம். ரெண்டு துளை போதும். ரெண்டு கையாலயும் பிடிச்சு..."

"வாயை மூடு" என்றாள் நேர்கோடு.

அவர் மூடிக்கொண்டார். ஏனென்றால் அவருக்கு மட்டுமல்ல, சங்கத்தில் எல்லாருக்கும் அவளுடைய பேச்சு நினைவிருந்தது. இரண்டு கையால் பந்து விடும் பாணி வந்த புதிதில், சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பொரிந்து தள்ளியவள் அவள்தான். "இது பௌலிங்கா, இல்ல பூசணிக்காய் உருட்டறதா? விரலே இல்லாம விளையாடறவங்க வேற விளையாட்டுக்குப் போகட்டும்" என்றாள். அவர்களைச் சேர்க்கக்கூடாது என்று தீர்மானமே கொண்டுவந்தாள். தீர்மானம் தோற்றது. அவள் சும்மா இருந்தாளா? இல்லை. சங்கத்தின் விதிக்குழுவில் உட்கார்ந்துகொண்டு, பந்தில் இருக்கும் ஒவ்வொரு துளையிலும் விரல் இருந்தே ஆக வேண்டும், கட்டை விரல் துளை உள்ள பந்தைக் கட்டை விரல் இல்லாமல் விட்டால் அந்த அடி செல்லாது என்ற விதியைக் கறாராகப் பிடித்துக்கொண்டாள். அந்த விதியில் சிக்கி, அவள் கையால் கணக்கு அழிக்கப்பட்ட இரண்டு கை ஆட்டக்காரர்கள் பலர். அவர்கள் அவளைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போவார்கள்.

இப்போது தானே போய் அந்தப் பூசணிக்காயை உருட்டுவதா? ஊர் கைகொட்டிச் சிரிக்காதா?

அன்றைக்குக் கடையில் ஒரு பெரிய வேலை. ஒரு பள்ளிக்கு முழுக்கால் சட்டைகள். மேசையில் நீலத் துணி இருபது அடுக்கு விரித்திருந்தது. போன வருஷம் கத்தரி பிடிக்க முடியாமல் போனதும் அவள் மின்சாரத்தில் ஓடும் வெட்டும் இயந்திரம் வாங்கியிருந்தாள். உள்ளங்கையால் தள்ளினால் போதும், கட்டை விரலுக்கு வேலையில்லை. சாக்குக்கட்டிக் கோட்டின் மேல் அது சரசரவென்று ஓடியது. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த கணவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேக்காம விடவா போறீங்க."

"இந்த மெஷின் வந்தப்ப, அய்யோ கத்தரியில வெட்டினாத்தான் வெட்டு, இது வெட்டே இல்லன்னு நீ அழலையே. கெட்டிக்காரத்தனமா வாங்கிப்போட்டே. வெட்டும் முன்னைவிட நல்லா இருக்கு. துணிக்குப் போகாத மானம் பந்துக்கு மட்டும் எப்படிம்மா போகுது?"

முப்பத்து நான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்னது சரியாக இருந்த சந்தர்ப்பங்கள் குறைவு. இது அதில் ஒன்று என்பதை அவரும் கவனித்துவிட்டார் என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இயந்திரத்தை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பாட்டை வெச்சுட்டுக் கிளம்புங்க" என்றாள். அவர் தெரு முனை திரும்பியதும் சங்கத்துக்குப் போன் போட்டாள். "டிரில்தானே? ரெண்டு துளை போதும். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

அதற்குப் பிறகு நடந்ததை அழகான காட்சி என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் பௌலிங் கூடம் திறந்ததும், எண்ணெய் பூசும் இயந்திரம் லேனின் மேல் ஊர்ந்து முடித்ததும், அவள் ஆரம்பிப்பாள். வலது கையின் இரண்டு விரல் துளைக்குள், இடது கை பந்தின் மேல் அணைப்பு. குனிந்து, இடுப்பைத் திருப்பி, ஓடி வந்து விட வேண்டும். முதல் நாள் பந்து பக்கத்து லேனுக்குப் போயிற்று. இரண்டாம் நாள் அவளே பந்தின் பின்னால் போய் விழுந்தாள். முழங்கால் சிராய்த்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. பந்து வளைந்தது பாருங்கள், அது இன்னொரு கொடுமை. வாழ்நாள் முழுக்க நேராக விட்டவளின் பந்து லேனின் பாதியில் என்ன தோன்றியதோ, வலதிலிருந்து இடதுக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. கட்டுப்படாத காளையைக் கயிற்றில் கட்டிப் பிடித்திருப்பது போலிருந்தது அவளுக்கு.

"அது எண்ணெய் குடிக்கிற பந்து அக்கா" என்று டிரில் விளக்கினார். "லேன்ல எண்ணெய் இருக்கற வரைக்கும் வழுக்கும். காஞ்ச இடம் வந்ததும் பிடிச்சுத் திரும்பும். ஆட ஆட எண்ணெயைக் குடிச்சிடும், சீக்கிரமே திரும்ப ஆரம்பிக்கும். அப்ப நீங்க இடம் மாறி நிக்கணும்."

"அந்தக் காலத்துல ஒரே இடத்துல நின்னு வருஷக்கணக்கா ஆடினோம்."

"அந்தப் பந்து எண்ணெய் குடிக்காதே."

அவள் தினமும் வந்தாள். விடவில்லை. மற்ற ஆட்டக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். டிரில் மூச்சு விடாவிட்டாலும் கூடத்துக்குச் சுவர் நான்குதான், கண் எத்தனையோ. பூசணிக்காய் வந்தாச்சா என்று அவள் காதில் விழும்படியே கேட்டார்கள். அவளால் கணக்கு அழிக்கப்பட்ட ஒருவர், கைப்பேசியில் படம் பிடித்துச் சம்பந்திக்கே அனுப்பிவிட்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்க வேண்டிய கடன் இருந்தது, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பந்தை எடுத்தாள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவள் மசியவில்லை. மூலையில் ஒற்றைப் பின் நின்றால், வளையும் பந்து உதவாது, திரும்பித் தப்பிவிடும். அதற்குப் பழைய வழவழப்பான நேர்ப்பந்துதான். இன்றைய ஆட்டக்காரர்களும் ஸ்பேருக்கென்று அப்படி ஒன்றைப் பையில் வைத்திருப்பார்கள். நேர்கோட்டின் நேர்ப்பந்தில் கட்டை விரல் துளை இருந்தது. ஸ்பேருக்கு மட்டும் அந்த விரலை நுழைத்தே விடுவேன் என்றாள்.

"வலிக்குமே அக்கா. அதையும் ரெண்டு துளையா மாத்திடலாமே" என்றார் டிரில்.

"ஆட்டத்துக்கு நாலு தடவை. தாங்கிக்கறேன். அது மட்டும் என்னோடது மாதிரியே இருக்கட்டும்."

போட்டி நாளன்று கூடம் நிறைந்திருந்தது. பெயர் கொடுத்த பழைய சாம்பியன்கள் ஆறு பேரில் இருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மதியத்துக்குள் இன்னும் இருவர் தோற்று ஒதுங்கினார்கள். இறுதி ஆட்டத்துக்கு மிஞ்சியது யார் என்று சொல்லவும் வேண்டுமா. முன் வரிசையில் மாப்பிள்ளையும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் இரண்டு வரிசை பின்னால், தேவைப்பட்டால் ஓடிவிட வசதியாக, கதவோரம்.

"சம்பந்தியம்மா, நீங்க முதல்ல" என்றார் கொக்கி. கையில் பளபளவென்று நெருப்பு நிறத்தில் ஒரு பந்து. இருப்பதிலேயே விலை கூடியது.

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் முந்தலாமா?"

"பரவாயில்ல, பூசணிக்காயைப் பார்க்கணும்னு எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

அவள் விட்டாள். ஓடி வந்து குனிந்தபோது பின்னால் யாரோ களுக்கென்றார்கள். பந்து வலப்பக்கமாகப் போய், திரும்பி, எட்டைச் சாய்த்தது. கட்டை விரல் வலியோடு மீதி இரண்டையும் முடித்தாள். ஸ்பேர்.

ஆனால் முதல் பாதி கொக்கியுடையது. அதை மறுத்தால் பாவம். அவருடைய பழைய திருகலும் புதுப் பந்தின் வளைவும் சேர்ந்துகொள்ள, பின்கள் வெடித்துச் சிதறின. ஸ்ட்ரைக்குக்கு மேல் ஸ்ட்ரைக். நேர்கோட்டுக்கே அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று ஒரு கட்சி எழுந்து நின்று கத்தியது. பத்துச் சுற்றில் ஐந்து முடிந்தபோது அவள் எட்டாத தூரத்தில் பின்தங்கியிருந்தாள்.

ஆறாவது சுற்றில் கொக்கியின் பந்து கொஞ்சம் முன்னாலேயே திரும்பிற்று. பின் முக்கோணத்தின் நடு மூக்கில் மோதி, இரண்டு ஓரத்திலும் பின்கள் பிளந்து நின்றன. ஏழாவதிலும் அதே. லேனில் எண்ணெய் வற்றிக்கொண்டிருந்தது. நேர்கோடு அதைப் பார்த்தாள். தன் முறை வந்ததும் தரைப் பலகைக் கணக்கில் இரண்டு பலகை இடப்பக்கம் தள்ளி நின்றாள். ஸ்ட்ரைக். அடுத்ததற்கு இன்னும் ஒரு பலகை.

கொக்கி நகரவில்லை. முப்பது வருஷம் எந்தப் புள்ளியில் கால் வைத்தாரோ அதே புள்ளி. பந்து புதுசு, கால் பழசு. பந்தை அடக்க மணிக்கட்டை இப்படி மாற்றினார், அப்படி மாற்றினார், வேகத்தைக் கூட்டினார். டிரில் தொண்டையைக் கனைத்தார். மாப்பிள்ளை, "அப்பா, கொஞ்சம் தள்ளி..." என்று ஆரம்பித்தான். "எனக்குத் தெரியும்டா!" என்று ஒரு சத்தம் போட்டார். அது யாருக்குத் தெரியாவிட்டாலும் நேர்கோட்டுக்குத் தெரிந்த சத்தம். டிரில்லிடம் அவள் வாயை மூடச் சொன்னது இதே குரலில்தான். அவளுக்குச் சம்பந்தியின் மேல் முதல் முறையாக இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக ஆட்டத்தை விடுவதாக இல்லை.

முதலில் தொடங்கியவர் கடைசி இரண்டு சுற்றையும் எதிராளி முடித்த பிறகே ஆட வேண்டும் என்பது சங்கத்தின் முறை. அவர் நூற்று எழுபத்தாறில் முடித்தார். அவளுக்கு ஒன்பதாவது சுற்று பாக்கி, பத்தாவது பாக்கி. ஒன்பதாவதில் ஒரு பின் மிஞ்சியது. நேர்ப்பந்தை எடுத்து விரலை நுழைத்தாள். அன்றைக்கு அந்த விரல் எத்தனையோ ஸ்பேர் பார்த்தாகிவிட்டது. அடிமூட்டு வீங்கிச் சிவந்திருந்தது. கையைப் பின்னால் வீசும்போதே பிடி விட்டது. பந்து தொம்மென்று விழுந்து பள்ளத்தில் போயிற்று. கூடத்தில் ஐயோ என்றார்கள். கணக்குப் பலகையில் அவள் எண் நூற்று அறுபத்தொன்று.

பத்தாவது, கடைசிச் சுற்று. முதல் பந்தில் பத்தும் விழும்போலத்தான் இருந்தது. விழுந்து, உருண்டு, அமைதியான பிறகு பார்த்தால் வலது மூலையில் ஒற்றைப் பின் மட்டும் அசையாமல் நின்றது. அதைச் சாய்த்தால் இன்னொரு பந்து கிடைக்கும். அதில் ஆறு பின் விழுந்தாலே அணியில் இடம் அவளுக்கு. சாய்க்காவிட்டால் இத்தோடு சரி.

கட்டை விரலை மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை.

கணவர் கதவோரத்திலிருந்து எப்போது ஓடி வந்தாரோ, பக்கத்தில் நின்றார். "ஏம்மா, நேர்ப்பந்தையே ரெண்டு கையால பிடிச்சு விட்டுடேன். அந்த ஓட்டையில விரலை விடாட்டி என்ன? நேராத்தானே போகும்?"

போகும். நேராகப் போகும். அது அவளுக்கும் தெரியும். ஓரத்தில் நின்ற நடுவர் சின்ன வயதுக்காரர். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர் மாதிரித் தெரியவில்லை. இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "போடுங்க மேடம்."

கொக்கிக்கு விதி தெரியும். பழைய ஆள் ஆயிற்றே. அவர் எழுந்து வந்தார். குரல் தாழ்ந்திருந்தது, அதில் கேலி இல்லை. "போடுங்க சம்பந்தியம்மா. கை அப்படி வீங்கியிருக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க" என்றாள் நேர்கோடு. "நான் சொல்லுவேன்."

நேர்ப்பந்தை அதன் இடத்திலேயே விட்டாள். இரண்டு துளைப் பந்தைத் தூக்கிக்கொண்டாள். காலையில் கூடம் திறந்த நேரத்தில் இந்தப் பந்தை வைத்துக்கொண்டு மூலைப் பின்னுக்கு முயன்று பார்த்ததில் முக்கால்வாசி தவறியிருக்கிறது. அந்தக் கால்வாசியை நினைத்துக்கொண்டாள். இடது கோடிக்கு, இதுவரை நிற்காத இடத்துக்கு, பக்கத்து லேனின் பந்து திரும்பி வரும் மேடையில் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நகர்ந்தாள். அங்கிருந்து மூலைக்குக் குறுக்கே விட்டால், நடுவில் மிஞ்சியிருக்கும் எண்ணெயிலேயே பெரும் பகுதி வழுக்கிப் போகும். சுழற்றக்கூடாது. பந்துக்குத் திரும்ப நேரம் கொடுக்கக்கூடாது. இருக்கிற பலத்தையெல்லாம் வேகத்தில் போட வேண்டும். இடுப்பு என்ன ஆகும் என்று நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடினாள். இரண்டு கையாலும் விட்டாள். விட்ட வேகத்தில் ஒரு காலில் தடுமாறி, எல்லைக் கோட்டைத் தாண்டாமல் கையை ஊன்றி நின்றாள். பந்து குறுக்கே பறந்தது. கடைசி கஜத்தில் திரும்ப நினைத்தது. நன்றாகவே தெரிந்தது, அது திரும்பத்தான் நினைத்தது. அதற்குள் பின்னை உரசிவிட்டது. பின் ஒரு ஆட்டம் ஆடி, யோசித்து, மல்லாந்தது.

கூடத்தில் எழுந்த சத்தத்தில் மகள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அம்மா என்று கூட இல்லை, வெறும் கூச்சல். மாப்பிள்ளையும் எழுந்து நின்று கத்திவிட்டு, அப்பா இருப்பது ஞாபகம் வந்து உட்கார்ந்தான். கடைசிப் பந்து அசிங்கமான பந்து. எங்கோ குத்தி எங்கோ போய் ஏழைச் சாய்த்தது. ஏழு போதும்.

நேர்கோடு நாற்காலியில் போய் விழுந்தாள். மூச்சு வாங்கியது. ஜெயித்துவிட்டோம் என்பதைவிட, இனி இந்தக் கை இப்படியே இருந்தாலும் விளையாடலாம் என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அழுதாள். மறைக்கவும் இல்லை. கணவர் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து கொடுத்தார்.

கொக்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தோற்ற வருத்தம் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. அதை மறைக்கத் தெரிந்தவர் அல்ல அவர். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஒத்துக்கறேன் சம்பந்தியம்மா. அந்தக் காலத்துல உங்க கையில மட்டும் இந்தப் பந்து இருந்திருந்தா, எங்க யாரையும் கிட்ட விட்டிருக்க மாட்டீங்க."

"நீங்க வேற" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அந்தக் காலத்துல இருந்தவகிட்ட இந்தப் பந்தைக் கொடுத்திருந்தா, இதைத் தூக்கித் தெருவுல எறிஞ்சிருப்பா. கொடுத்தவனையும் சேர்த்து. அவளோடதான் இத்தனை நாளா மல்லுக்கட்டிட்டிருந்தேன்."

"அப்ப என்னோட?"

"உங்களோட இன்னிக்கு ஒரு நாள்தானே சம்பந்தி" என்றாள். "அது ஒண்ணும் அவ்வளவு கஷ்டமா இல்ல."

அவர் கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் அப்பாடா என்றிருந்தது. செயலாளர் வந்து அணிச் சட்டைக்கு அளவு கேட்டார். சட்டையை நானே தைத்துக்கொள்கிறேன், துணியை மட்டும் கொடுங்கள் என்றாள் நேர்கோடு.